படிப்பைக் கெடுக்காத அரை மணி நேரம்

(காட்டுப்பாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு வந்ததும் நம் வீடுகளில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடுகிறது. சைக்கிள் மூலைக்குப் போகிறது. கிரிக்கெட் மட்டை பரணில் ஏறுகிறது. பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்கிறார். பெற்றோர் யாரும் ஆட்சேபிப்பதில்லை. சிலர் நன்றிகூடச் சொல்கிறார்கள். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, நீட், கல்லூரி, அரியர், கேம்பஸ் இன்டர்வியூ, டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி வகுப்பு என்று காரணங்கள் மாறிக்கொண்டே போகும். ‘இப்போது படி, உடம்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு மட்டும் மாறாது. போரூரிலிருந்து பூந்தமல்லி வரை போகும் நம் சாலையை ஒட்டி எத்தனையோ இளைஞர்கள் வாழ்கிறார்கள். மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் போகிறவர்கள், ஐ.டி. வளாகங்களில் இரவுப் பணி பார்ப்பவர்கள், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள், அறை எடுத்துத் தங்கி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று பலர். நாள் நெருக்கும்போது இவர்கள் எல்லோரும் முதலில் வெட்டுவது உடற்பயிற்சியைத்தான். உடம்புக்குக் கொடுக்கும் நேரம் மூளையிடமிருந்து பிடுங்கிய நேரம் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை, ஆதாரங்கள் எதிர்த் திசையில்தான் நிற்கின்றன என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் ஒரே வாதம்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏரோபிக் பயிற்சி என்பது, பெரிய தசைகளைத் தொடர்ந்து இயக்கி, இதயத் துடிப்பையும் மூச்சையும் உயர்த்தி, அந்த உயரத்தைச் சில நிமிடங்களாவது தக்கவைக்கும் பயிற்சி. வேகநடை, ஓட்டம், நீச்சல், சைக்கிள், ஸ்கிப்பிங், விடாமல் ஆடும் கபடி, வேகமான நடனம் எல்லாம் இதில் அடங்கும். அளவு தெரிய எந்தக் கருவியும் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது கடும் வேகம். வயது வந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்று கணக்கிட்டால் குறைந்தபட்ச அளவு வந்துவிடும்.

அடுத்து, மனத்திறன் என்பது என்ன? அது ஒரே பொருள் அன்று. நினைவாற்றல், புரிந்து செயல்படும் வேகம், மொழித்திறன், கவனம் எனப் பல தனித்தனித் திறன்கள் அதில் உண்டு. இன்றைய பேச்சுக்கு அவற்றில் ஒன்று முக்கியம். ஒரு வெள்ளைத் தாளில் ‘பச்சை’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் எழுதுங்கள். ‘நீலம்’ என்ற சொல்லை மஞ்சள் மையால் எழுதுங்கள். இப்படி இருபது சொற்களை எழுதி ஒருவரிடம் காட்டி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். நாக்கு தடுமாறும். வாய் ‘பச்சை’ என்று சொல்ல முந்தும். மனம் அதைப் பிடித்து நிறுத்தி ‘சிவப்பு’ என்று சொல்ல வைக்க வேண்டும். 1935-இல் ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சோதனையைப் பற்றி எழுதினார். இன்றுவரை உளவியல் ஆய்வகங்களில் அது புழங்குகிறது. முந்திக்கொண்டு வரும் பழக்கத்தை அடக்குவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது, சில விவரங்களை மனத்தில் நிறுத்தியபடியே கணக்குப் போடுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததை மனத்தின் ஆளும் திறன் என்று சொல்லலாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகளுக்கு விடை குறிக்க வேண்டும். அங்கே பாடம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. பார்த்தவுடன் சரியென்று தோன்றும் தவறான விடையைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்க்கும் அடக்கமும் வேண்டும். செல்போன் அதிரும்போது கையை நீட்டாமல் இருக்கவும் அதே திறன்தான் வேண்டும்.

இனி ஆதாரங்களுக்கு வருவோம். இளவயதினரைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று சுவீடனிலிருந்து வந்தது. அந்நாட்டில் 18 வயது இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவப் பணி இருந்த காலத்தில், ஒவ்வொருவருக்கும் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் இதய நுரையீரல் திறனை அளந்தார்கள். தசை வலிமையை அளந்தார்கள். அறிவுத்திறன் தேர்வும் வைத்தார்கள். 1950 முதல் 1976 வரை பிறந்த 12 லட்சம் ஆண்களின் அந்தப் பதிவுகளை கோதன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரியா ஓபெரி குழுவினர் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். இதய நுரையீரல் திறன் கூடியவர்கள் அறிவுத்திறன் தேர்விலும் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். தசை வலிமைக்கு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. பதினைந்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையே யாருடைய உடல்திறன் முன்னேறியதோ, அவர்கள் பின்தங்கியவர்களைவிடத் தேர்வில் நன்றாகச் செய்திருந்தார்கள்.

இங்கே அறிவுள்ள எவரும் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு நல்ல உணவும் நல்ல பள்ளியும் விளையாட மைதானமும் சேர்ந்தே கிடைக்கின்றன. உடல்திறனும் அறிவுத்திறனும் கைகோத்து வருவதால், ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. சுவீடன் ஆய்வாளர்கள் இதை எதிர்பார்த்து, அந்தப் பதிவுகளில் இருந்த அண்ணன் தம்பிகளையும் இரட்டையர்களையும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்குப் பரம்பரை ஒன்று, வளர்ந்த வீடும் ஒன்று. அவர்களிடையேயும் அந்தத் தொடர்பு நீடித்தது. அதில் பரம்பரைக்கு இருந்த பங்கு 15 சதவீதத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். இது வலுவான சான்று. ஆனாலும் இறுதிச் சான்று ஆகாது. உடற்பயிற்சி செய் என்று ஒரு பிரிவினரையும், வேறொன்றைச் செய் என்று இன்னொரு பிரிவினரையும் குலுக்கல் முறையில் பிரித்து, பிறகு அளந்து பார்த்தால்தான் காரணம் எது, விளைவு எது என்று சொல்ல முடியும்.

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாக்கோவ் ஸ்டெர்ன் குழுவினர் 20 முதல் 67 வயது வரையிலான 132 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்கள். ஒரு பிரிவினர் வாரத்துக்கு நான்கு முறை ஏரோபிக் பயிற்சி செய்தார்கள். மற்றப் பிரிவினர் அதே அளவு நாட்கள் உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி செய்தார்கள். ஆறு மாதம் கழித்துச் சோதித்த முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. ஏரோபிக் பிரிவில் மனத்தின் ஆளும் திறன் கூடியிருந்தது. நினைவாற்றல், மொழித்திறன், செயல்வேகம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பலன் வயதோடு சேர்ந்து ஏறியது: நாற்பது வயதில் ஓரளவு, அறுபதில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வயது குறையக் குறையப் பலனும் குறைந்தது. ஆனால் மூளையின் இடது முன்பகுதியின் மேலுறை ஏரோபிக் பிரிவில் தடித்திருந்தது. அந்த மாற்றத்துக்கு இளைஞர், முதியவர் என்ற பேதம் இல்லை.

உடம்பு ஓடினால் மூளைக்கு என்ன நடக்கிறது? உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் மூளை. ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. அந்த ஆற்றல் ரத்தத்தின் வழியாகத்தான் வர வேண்டும். தொடர்ந்த பயிற்சி இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் பழக்கி அந்த ரத்த ஓட்டத்தைச் சீராக்குகிறது. பயிற்சியின்போது பி.டி.என்.எஃப். என்ற புரதம் கூடுதலாகச் சுரக்கிறது. நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் ஒன்றோடொன்று புதிய இணைப்புகளை உண்டாக்கவும் அது உதவுகிறது. 1999-இல் கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில், சுழல்சக்கரத்தில் விரும்பியபடி ஓடிய எலிகளின் மூளையில் நினைவுக்கு உரிய ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் கூடுதலாக உருவானதைக் கண்டார்கள். எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்வது அவசரம். ஆயினும் 2011-இல் கிர்க் எரிக்சன் குழுவினர் 120 முதியவர்களிடம் நடத்திய சோதனையில், ஓராண்டு வேகநடை சென்றவர்களின் ஹிப்போகேம்பஸ் ஏறக்குறைய 2 சதவீதம் பெருத்தது. நடக்காதவர்களுக்கு அது சுருங்கியது. ஆகவே, உடற்பயிற்சி மூளையைத் தொடுகிறது என்பதற்கு உடலியல் வழியாகவே தெளிவான பாதை இருக்கிறது.

இத்தனையும் சொல்லிவிட்டு எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை மறைத்தால் அது நேர்மையாகாது. ஸ்பெயினின் கிரானடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் சிரியா குழுவினர் 2023-இல் ஒரு பெரும் மீளாய்வை வெளியிட்டனர். நோயற்றவர்களிடம் நடந்த 109 சோதனைகள், அவற்றில் பங்கேற்ற 11,266 பேர். மேலோட்டமாகப் பார்த்தால் உடற்பயிற்சிக்குச் சிறிய நற்பலன் தெரிந்தது. பங்கேற்றவர்கள் முன்பே எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தார்கள், ஒப்பீட்டுப் பிரிவினர் என்ன செய்தார்கள், பலன் காட்டிய ஆய்வுகளே அதிகம் அச்சேறும் போக்கு எவ்வளவு என்பதையெல்லாம் கணக்கில் எடுத்தபோது அந்தப் பலன் தேய்ந்து, இல்லை என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. இரண்டாண்டு கழித்து, 2025-இல், ஆஸ்திரேலியாவின் பென் சிங் குழுவினர் இன்னும் பல மடங்கு சோதனைகளைத் தொகுத்து, பொதுவான அறிவுத்திறன், நினைவாற்றல், ஆளும் திறன் மூன்றிலும் நற்பலன் உண்டு என்று எழுதினார்கள். ஆனால் அந்தத் தொகுப்பில் நோயாளிகளும் முதியவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து நடுநிலையோடு பார்த்தால், நலமாக இருக்கும் இருபது வயதுக்காரர் மூன்று மாதம் ஓடினால் அறிவாளி ஆகிவிடுவார் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஓடினால் ரேங்க் வரும் என்று விளம்பரம் செய்பவரை நம்பாதீர்கள்.

அப்படியானால் இளைஞர்களிடம் எதற்கு இதைப் பேச வேண்டும்? மூன்று காரணங்கள். முதலாவது, இருபதுகளில் மனத்திறன் ஏற்கெனவே உச்சத்தை ஒட்டி நிற்கிறது. உச்சத்தில் நிற்பவருக்கு மேலே ஏற இடம் குறைவு. ஆய்வகச் சோதனைகளில் பலன் சிறியதாகத் தெரிவது இயல்பே. வயது ஏற ஏறத் திறன் சரியும்போதுதான் பயிற்சி எதைக் காப்பாற்றியது என்பது தெரியவரும். அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 1985-86-இல் தொடங்கிய கார்டியா என்ற ஆய்வு இதை நீண்ட காலம் பின்தொடர்ந்தது. அப்போது 18 முதல் 30 வயதுக்குள் இருந்தவர்களை டிரெட்மில்லில் ஏற்றி, களைத்துப்போகும் வரை ஓட வைத்து, எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவர்களில் 2,747 பேருக்கு மனத்திறன் சோதனை வைத்தார்கள். இளமையில் கூடுதல் நேரம் ஓடியவர்கள், நடுவயதில் சொற்களை நினைவில் வைப்பதிலும் செயல்வேகத்திலும் முன்னே இருந்தார்கள். வேறுபாடு ஒவ்வொருவருக்கும் சிறியதுதான். ஆனால் அது கால் நூற்றாண்டு கழித்தும் அழியாமல் நின்றது. இதுவும் தொடர்பைக் காட்டும் ஆய்வே தவிரக் காரணத்தை நிறுவும் சோதனை அன்று. இருந்தாலும் ஸ்டெர்னின் சோதனையோடு சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. முதுமைக்கான சேமிப்பை மாதச் சம்பளம் வரும் வயதில் தொடங்குவதுபோல, மூளைக்கான சேமிப்பையும் இருபதுகளில்தான் தொடங்க வேண்டும்.

இரண்டாவது காரணம் அன்றாடத்தோடு தொடர்புடையது. ஒருமுறை பயிற்சி செய்தாலே அடுத்த சிறிது நேரத்துக்கு மனம் கூர்மை பெறுகிறது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஒன்றில், 27 இளைஞர்கள் தலா மூன்று நிமிடம் இரண்டு முறை முழு வேகத்தில் ஓடிய பிறகு புதிய சொற்களைக் கற்றார்கள். சும்மா இருந்த நாளைவிட 20 சதவீதம் விரைவாகக் கற்றார்கள். எண்ணிக்கை சிறியது என்பதால் இதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வோம். எனினும் மாலை ஆறு மணிக்குக் கண் செருகியபடி புத்தகத்தை வெறித்துப் பார்க்கும் மாணவர், எழுந்து இருபது நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. சுறுசுறுப்பாக இருப்பவர்களுக்கு இரவில் தூக்கம் நன்றாக வருகிறது, மனச்சோர்வு குறைகிறது என்பவை இவற்றைவிட உறுதியாக நிறுவப்பட்டவை. தூங்காதவரும் மனம் உடைந்தவரும் எத்தனை மணி நேரம் புத்தகத்தின் முன் இருந்தாலும் படித்ததாகக் கணக்காகாது.

மூன்றாவது காரணம்தான் என் வாதத்தின் மையம். மிகக் கறாரான மீளாய்வுகூட, பலன் இல்லை என்று சொல்லும் அளவுக்குச் சிறியது என்றுதான் சொல்கிறது. பயிற்சியால் அறிவு மங்குகிறது என்று சொல்லவில்லை. பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ளும் ஆசிரியரும், மைதானத்துக்குப் போகாதே என்று தடுக்கும் பெற்றோரும் தங்கள் செயலுக்கு ஆதாரம் காட்ட வேண்டும். அது அவர்களிடம் இல்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் த்ருவா ரிவியேர் என்ற ஊரில் 1970-களில் ஒரு சோதனை நடந்தது. தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி கொடுக்க, பாடவேளையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். பாடநேரம் குறைந்த அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் சரியவில்லை. காலப்போக்கில் மற்றவர்களைவிட ஏறியது. சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தியது கல்லூரி மாணவருக்கும் அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனால் நேரத்தைப் பிடுங்கினால்தான் படிப்பு வரும் என்ற கணக்கு தவறு என்பதற்கு இது ஒன்றே போதும்.

‘நாங்கள் உடலால் உழைக்கிறவர்கள், தனியாக எதற்குப் பயிற்சி?’ என்று தொழிலாளர்கள் கேட்கலாம். மூட்டை தூக்குபவருக்கும் கட்டட வேலை பார்ப்பவருக்கும் ஓட்டத்தை உபதேசிக்க நான் வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் தூக்கமும் நியாயமான கூலியும். ஆனால் இன்று தொழிற்சாலை வேலையில் பெரும்பகுதி ஒரே இடத்தில் நின்று செய்வது. எட்டு மணி நேரம் நின்றால் கால் வலிக்கும், இடுப்பு கடுக்கும். இதயத் துடிப்பு உயராது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. கணினி முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

‘சரி, எங்கே நடப்பது? எங்கே ஓடுவது?’ என்பது கடைசி மறுப்பு. அதுவே மிகவும் உண்மையானது. 2022-இல் இந்தியாவில் வயது வந்தோரில் 49 சதவீதத்துக்கும் மேல் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று 2024-இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு சொல்கிறது. 2000-இல் இது 22 சதவீதமாக இருந்தது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். இந்த இடைவெளிக்குச் சோம்பலைக் காரணம் சொல்ல முடியாது. மெட்ரோ பணிக்காகத் தோண்டிய சாலை, ஆக்கிரமித்த நடைபாதை, தெருநாய், வெளிச்சமில்லாத தெரு, மே மாத வெயில் என்று ஆணுக்கே தடைகள் பல. பெண்ணுக்கு இவற்றோடு காலைச் சமையலும், ‘இந்த நேரத்தில் எங்கே கிளம்பிவிட்டாய்?’ என்ற கேள்வியும், வெறித்த பார்வைகளும் சேர்கின்றன. அறிவுத்திறனுக்கு நல்லது என்று தெரிந்த ஒன்று, பாதிப் பேருக்கு எட்டாத தொலைவில் இருப்பதை நாம் சகித்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. அண்ணாநகர் மேற்கை ஒட்டி, திருமங்கலத்தில் ஏஷியாட் காலனி இருக்கிறது. 1990-களில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் அங்கே ஆய்வு நடத்தி, உட்கார்ந்தே இருப்பதன் கேட்டை மக்களுக்கு விளக்கினார்கள். குடியிருப்போர் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவும் நடைபாதையும் அமைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பு ஏறக்குறைய 14 சதவீதம். பிறகு 59 சதவீதம். நீரிழிவைத் தடுக்கத் தொடங்கிய வேலை அது. ஆனால் இதயத்துக்கு நல்ல பாதையே மூளைக்கும் நல்ல பாதை. ஏஷியாட் காலனி நமக்குக் கற்றுத் தருவது இதுதான்: இடம் கிடைத்தால் மக்கள் நடக்கிறார்கள்.

நம் பகுதியிலும் இடம் இல்லாமல் இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிக்கும்போது 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஓ.எஸ்.ஆர். இடம் என்று மனை வாங்கியவர்கள் எல்லோரும் அறிவார்கள். உங்கள் நகரின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்தத் திறந்தவெளி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். முள்வேலிக்குள் குப்பை கிடந்தால், அதைச் சுத்தம் செய்து, சுற்றி ஒரு மண் பாதையும் நாலு விளக்கும் போட்டுத் தரும்படி குடியிருப்போர் நலச்சங்கம் எழுத்தில் கேட்கட்டும். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று 2023-இல் தமிழக அரசே ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. தெருத்தோறும் ஒரு பாதை கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

இளைஞர்களே, உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. விடியற்காலை வெயிலுக்கு முன்போ, மாலை வெயில் தணிந்த பின்போ அரை மணி நேரம். இடம் கிடைக்காத நாளில் படிக்கட்டு, மழை நாளில் அறைக்குள்ளே ஸ்கிப்பிங். முதல் இரண்டு வாரம் பேச முடியும் வேகத்தில் மட்டும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். பெற்றோர்களே, மகன் ஷூ மாட்டும்போது படிப்பு போகிறதே என்று பதறாதீர்கள். மகள் ஷூ மாட்டினால் அவளுடைய காலைச் சமையல் வேலையை வீட்டிலுள்ள ஆண்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களே, பி.டி. பீரியடை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள். அந்த நேரம் உங்கள் பாடத்தைக் கெடுக்காது என்பதற்கு இதுவரை வந்திருக்கும் ஆய்வுகள் துணை நிற்கின்றன. நாற்பது வயதிலும் அறுபது வயதிலும் உங்கள் மாணவர்கள் தெளிவாகச் சிந்திக்க அது உதவும் என்று எதிர்பார்க்கவும் நல்ல காரணம் இருக்கிறது.